பிப்ரவரியில் தண்ணீர் இருக்காது

அந்தப் புள்ளி பாதையை விட்டு இறங்கியபோது நான் வாழைக்காய் பஜ்ஜி தின்றுகொண்டிருந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. இவ்வளவு தெளிவாக எழுதிக் கொடுத்தும் இந்த மனுஷன் வயலுக்குள் இறங்கிப் போகிறானே, வெள்ளைக்காரனுக்கு எழுதப் படிக்கத் தெரியாதா என்று பக்கத்து சீட் அருள்ராஜிடம் கத்தினேன்.

என் வேலை என்னவென்று சொல்லாவிட்டால் இது யாருக்கும் புரியாது. இங்கிலாந்தில் ஒரு சின்னக் கம்பெனி. மவுண்டன் பைக்கில் மேடும் பள்ளமுமாகக் கிராமம் கிராமமாகச் சுற்றிவர ஆசைப்படுகிறவர்களுக்குச் சைக்கிளும் தங்க இடமும் ஏற்பாடு செய்து தருவார்கள். கூடவே வழிகாட்டி யாரும் வரமாட்டார்கள். அதற்குப் பதிலாக நாளுக்கு ஒரு வழி அட்டை கையில் கொடுத்துவிடுவார்கள். அந்த அட்டைகள் தில்லைநகரில் ஒரு மாடி அலுவலகத்தில் தயாராகின்றன. எழுதுகிறவள் நான், ஹம்ஸா. ஸ்ரீரங்கத்தில் பிறந்து, அதே ஸ்ரீரங்கத்தில் இரண்டு தெரு தள்ளி வாழ்க்கைப்பட்டு, நாற்பத்து மூன்று வயதில் பெங்களூரைத் தாண்டி எங்கும் போகாதவள். சாட்டிலைட் படம், தெருக்களின் போட்டோ, யாரோ போட்ட வீடியோ, கம்பெனி அனுப்பும் குறிப்பு, இவ்வளவுதான் எனக்குத் தெரிந்த இங்கிலாந்து.

ஆனால் நன்றாக எழுதுவேன். தற்பெருமை இல்லை, அங்கிருந்து பாராட்டி மெயில் வரும். "சர்ச்சின் சதுரக் கோபுரத்தை இடப்பக்கம் விடுங்கள். கூரை வேய்ந்த மூன்று வீடுகளைத் தாண்டியதும் கற்சுவர் முடியும். அங்கே ஒரு மரக்கதவு. திறந்து போனபின் மறக்காமல் மூடுங்கள், உள்ளே ஆடுகள் மேயும்." இப்படி எழுதுவேன். எந்த விடுதியில் ஆட்டிறைச்சி அடைத்துச் சுட்ட 'பை' நன்றாக இருக்கும் என்றுகூட எழுதியிருக்கிறேன். முட்டைகூடத் தொட்டதில்லை நான்.

ஒவ்வொரு அட்டையின் அடியிலும் "உங்கள் உள்ளூர் வழிகாட்டி, ஹெலன்" என்று சாய்வெழுத்தில் ஒரு கையெழுத்து இருக்கும், பக்கத்தில் ஒரு போன் நம்பர். அது அந்த ஊர் நம்பர்தான், ஆனால் அழுத்தினால் மணி தில்லைநகரில் அடிக்கும். எடுத்து "ஹெலன் பேசுகிறேன்" என்று சொல்வதும் நான்தான். கம்பெனி வைத்த பெயர், எனக்கு அதில் ஒன்றும் தப்பாகத் தெரியவில்லை. என் கணவர் ஜகன்னாத் மட்டும் வீட்டில் கேலி செய்வார். "ஹெலன் மாமி, காபி ஆச்சா?" என்பார். தலையில் ஒன்று வைப்பேன்.

அந்த வாரம் பீட்டர், ஜூடித் என்று ஒரு தம்பதி. இரண்டு பேருக்கும் அறுபதுக்கு மேல். பீட்டர் தபால்துறையில் இருந்து ரிட்டயரானவர். இரண்டு நாளில் ஜூடித் மூன்று முறை போன் செய்துவிட்டாள். சந்தேகம் கேட்க இல்லை, பேசுவதற்காக. "உங்கள் ஊர் எவ்வளவு அழகு ஹெலன், நீங்கள் கொடுத்துவைத்தவர்" என்றாள். "ஆமாம்" என்றேன். ரெங்க கோபுரத்துக்குப் பக்கத்தில் குடியிருக்கிறவள் வேறென்ன சொல்வாள்?

மூன்றாம் நாள், பிப்ரவரி பத்தொன்பது, வியாழக்கிழமை. இங்கே மாலை நாலு இருபது, அங்கே முற்பகல் பத்து ஐம்பது. லிட்டில் ஹேம்பிள் என்ற கிராமத்திலிருந்து புறப்பட்டு, வின்னல் என்கிற ஆற்றை இறங்கிக் கடந்து, ஸ்டோக் வின்னல் போய்ச் சேரவேண்டும். சைக்கிள் ஹேண்டில்பாரில் மாட்டிய கருவி வழியாக இரண்டு பேரும் இரண்டு நீலப் புள்ளிகளாக என் ஸ்க்ரீனில் தெரிவார்கள். ஒரு புள்ளி நின்றுகொண்டிருந்தது. இன்னொன்றுதான் குறுக்கே போனது.

"அக்கா, கத்தாதீங்க" என்றான் அருள்ராஜ். அவன் ஞாயிற்றுக்கிழமை தோறும் கல்லணைவரை சைக்கிள் மிதிக்கிறவன். என் ஸ்க்ரீனைக் கொஞ்சம் பெரிதாக்கினான். "அது வயல் இல்லக்கா. ஆறு."

"ஆத்துக்குள்ள எப்படிடா போவாரு?"

"போகல. ஆறு இழுத்துக்கிட்டுப் போகுது. வேகத்தப் பாருங்க."

மணிக்குப் பதினாலு கிலோமீட்டர் என்று காட்டியது. ஆற்றின் ஒவ்வொரு வளைவிலும் புள்ளி அப்படியே வளைந்தது. எனக்கு வாயில் இருந்த பஜ்ஜியை விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் தோன்றவில்லை. அப்போது போன் அடித்தது.

"ஹெலன்!" ஜூடித்தின் குரலே இல்லை அது. "பீட்டர் தண்ணீரில் போய்விட்டார். ஹெலன், பீட்டர் போய்விட்டார்!"

"தண்ணீரா? எந்தத் தண்ணீர்?" என்று கேட்டேன். இதைக் கேட்ட வாயை என்ன செய்வது?

"ஆறு! கரை நிரம்ப ஓடுகிறது, சேறாக, கறுப்பாக. நான் வேண்டாம் என்றேன். அவர் அட்டையை எடுத்துக் காட்டினார். இதோ, என் கையில்தான் இருக்கிறது. 'ஜனவரி முதல் மே வரை இந்த இடத்தில் தண்ணீர் இருக்காது. மழை பெய்தாலும் கணுக்கால் அளவுதான் வரும். சைக்கிளை உருட்டியபடி தாராளமாகக் கடக்கலாம். ஜூன் முதல் டிசம்பர் வரை சாலை வழியாகச் சுற்றிச் செல்லவும்.' ஹெலன் இங்கேயே இருக்கிறவள், அவளுக்குத் தெரியாததா என்று சொல்லிவிட்டு இறங்கினார். நாலடி வைத்தார். அவ்வளவுதான்."

அந்த வரி என்னுடையது. எழுதியதுகூட ஞாபகம் இருக்கிறது. போன ஆடி மாதம், பதினெட்டாம் பெருக்குக்கு இரண்டு நாள் முன்பு. கம்பெனி அனுப்பிய படிவத்தில் "இந்த இடம் பருவத்தைப் பொறுத்தது. கடக்கக்கூடிய மாதங்கள்" என்று போட்டு ஒரு கட்டத்தைக் காலியாக விட்டிருந்தார்கள். நான் எதையும் தேடிப் பார்க்கவில்லை. எதற்குப் பார்க்கவேண்டும்? தை முடியும்போது மேட்டூரை மூடிவிடுவான், மாசியில் மணல் தெரிந்துவிடும், சித்திரையில் கொள்ளிடத்தை நடந்தே கடக்கலாம், ஆடியில் தண்ணீர் வரும். பிறந்ததிலிருந்து பார்க்கிறேன். என்ன தேதி என்று கேட்டால் சொல்வதுபோல் அந்தக் கட்டத்தை நிரப்பிவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போய்விட்டேன்.

அந்த ஊரில் குளிர்காலம் முழுக்க மழை. பிப்ரவரியில்தான் ஆறு முட்டிக்கொண்டு ஓடும், வெயில் காலத்தில்தான் வற்றும். இது எனக்குத் தெரியாதா? நான் பூகோளம் படித்தவள். முதல் வகுப்பு. ஒரு அட்டையை இரண்டு பேர் சரிபார்க்காமல் அனுப்பமாட்டோம். அருள்ராஜுக்குத் திருவெறும்பூர், எங்கள் மேனேஜர் டெல்பினுக்கு லால்குடி, எல்லாரும் இதே ஆற்றுப் பக்கம்தான். அவர்களும் அதைப் படித்து ஓகே போட்டிருக்கிறார்கள். எங்கள் மூன்று பேரில் ஒருத்தருக்காவது அந்த வரி உறுத்தியிருக்கவேண்டாமா?

"ஹெலன், இருக்கிறீர்களா? அவசர உதவிக்குச் சொல்லிவிட்டேன். சாலையில் தண்ணீர் நிற்கிறதாம், நாற்பது நிமிடம் ஆகும் என்கிறார்கள். நீங்கள் பக்கத்தில்தானே இருக்கிறீர்கள்? எவ்வளவு நேரத்தில் வருவீர்கள்?"

என் கண் முன்னால் ஆபீஸ் சுவரும், ஏ.சி.க்குக் கீழே வைத்த பிளாஸ்டிக் வாளியும் இருந்தன. உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"அஞ்சு நிமிஷம்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். "இதோ வந்துகொண்டே இருக்கிறேன்."

இங்கே அதை யாரும் பொய் என்று நினைக்கமாட்டார்கள். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஒருத்தர் காத்துக்கொண்டிருந்தால், குளிக்கக்கூடப் போகாமல் வீட்டில் உட்கார்ந்துகொண்டு "அஞ்சே நிமிஷம், வந்துண்டே இருக்கேன்" என்போம். சொல்கிறவளுக்கும் தெரியும், கேட்கிறவருக்கும் தெரியும், அது ஒரு ஆறுதல். ஜூடித்துக்கு அது தெரியாது. "கடவுளே, நன்றி" என்று அழுதாள். பிறகு போனைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு ஆற்றைப் பார்த்துக் கத்தினாள். "பீட்டர்! பிடித்துக்கொள்! ஹெலன் வருகிறாள்! ஐந்து நிமிடம்!"

பதில் எதுவும் எனக்குக் கேட்கவில்லை. தண்ணீர்ச் சத்தம்தான் கேட்டது.

"நான் எந்தப் பக்கம் போகட்டும்? சொல்லுங்கள்!"

புள்ளி அறுநூறு மீட்டர் தள்ளி ஒரு வளைவில் நின்றுவிட்டிருந்தது. நின்றுவிட்டது என்றதும் எனக்கு உயிர் வந்தது. "கரையோடு கீழே ஓடுங்கள். வேலியை ஒட்டியே போங்கள். இருநூறு மீட்டரில் ஒரு கதவு வரும். அதைத் தாண்டினால் ஆறு இடப்பக்கம் வளையும், அங்கேதான்" என்றேன். அவள் ஓடினாள். மூச்சு வாங்குவது காதில் கேட்டது. கதவைத் திறக்கும் சத்தம் கேட்டது. அந்த அவசரத்திலும் அதைத் திரும்ப மூடினாள், பாவி மனுஷி, நான் எழுதியிருந்தேன் இல்லையா? நடுவில் இரண்டு முறை "வந்துவிட்டீர்களா?" என்று கேட்டாள். இரண்டு முறையும் "வந்துகொண்டே இருக்கிறேன்" என்றேன். அருள்ராஜ் இன்னொரு போனில் கம்பெனிக்காரர்களைப் பிடித்துக் கத்திக்கொண்டிருந்தான்.

பிறகு ஜூடித் நின்றது தெரிந்தது.

"சைக்கிள் இருக்கிறது" என்றாள். "வேலிக் கம்பியில் மாட்டிக்கொண்டிருக்கிறது. பீட்டர் இல்லை. ஹெலன், சைக்கிள் மட்டும்தான் இருக்கிறது."

கருவி ஹேண்டில்பாரில் அல்லவா இருக்கிறது! தினமும் ஐம்பது தடவை பார்க்கிற விஷயம். சைக்கிளைத் தேடிக்கொண்டு அவளை அறுநூறு மீட்டர் ஓடவிட்டிருக்கிறேன். "ஜூடித், திரும்பி..." என்று ஆரம்பித்தேன். லைன் போய்விட்டது. திரும்பத் திரும்ப அடித்தேன். ஸ்விட்ச் ஆஃப்.

அதற்குப் பிறகு ஒரு மணி நேரம். டெல்பின் மேடம் தன் கேபினிலிருந்து வந்து என் பின்னால் நின்றார். அருள்ராஜ் தலையில் கை வைத்துக்கொண்டு "நானும் படிச்சேனே, நானும் படிச்சேனே" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தான். "வாய மூடுடா" என்று எரிந்து விழுந்தேன். மூடிக்கொண்டதும் இன்னும் பயமாகிவிட்டது, பேசு என்றேன். ரங்கா ரங்கா என்பதைத் தவிர எனக்கு வேறெதுவும் வரவில்லை. ஒரு உயிர். என் அலட்சியத்தில் ஒரு உயிர்.

ஐந்தே முக்காலுக்குக் கம்பெனி முதலாளி கூப்பிட்டார். பீட்டர் கிடைத்துவிட்டார். இறங்கிய இடத்துக்கு முப்பது மீட்டர் கீழேயே, கரையோர மரம் ஒன்றின் வேரைப் பிடித்துக்கொண்டு கழுத்தளவு தண்ணீரில் கிடந்திருக்கிறார். மீட்புக்காரர்கள் வந்து தூக்கியபோது நினைவு இல்லை. ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். உடம்பு ஐஸாக இருக்கிறதாம், காலைக்குள் கண் விழித்தால்தான் சொல்லமுடியுமாம்.

முப்பது மீட்டர்! அப்படியென்றால் ஜூடித் அவரைத் தாண்டித்தான் ஓடியிருக்கிறாள். ஓடச் சொன்னவள் நான்.

மற்ற அட்டைகளை எடுத்துப் பார்த்தோம். இறங்கிக் கடக்கிற இடங்கள் இன்னும் பதினோரு அட்டையில் இருந்தன. பதினொன்றிலும் ஜனவரி முதல் மே வரை. எல்லாவற்றையும் உடனே நிறுத்தி, அன்று பாதையில் இருந்த ஏழு பேருக்கும் போன் செய்தோம். வேலை முடிந்ததும் டெல்பின் மேடம் கதவைச் சாத்திவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஹம்ஸா, நான் சொல்றதக் கேளுங்க. அந்தம்மா திரும்பக் கூப்பிட்டா நீங்க எடுக்க வேண்டாம். கம்பெனி பேசிக்கும். அவங்க பேசுனது ஹெலன்கிட்ட. ஹம்ஸாகிட்ட யாரும் பேசல."

"எழுதினது யாரு மேடம்?"

"மூணு பேரும்தான். அதத்தான் சொல்றேன். வீட்டுக்குப் போங்க. போய் ஒரு வாய் சாப்பிட்டுத் தூங்குங்க."

ஸ்கூட்டியை எடுத்தேன். காவிரிப் பாலத்தில் ஏறியதும் எதற்கென்று தெரியாமல் ஓரமாக நிறுத்தினேன். வெளிச்சம் கொஞ்சம் மிச்சமிருந்தது. ஆறு முழுக்க மணல், நடுவில் வாய்க்கால் அகலத்துக்குத் தண்ணீர். இரண்டு பெண்கள் துணி மூட்டையோடு செருப்பைக்கூடக் கழற்றாமல் குறுக்கே நடந்துபோனார்கள். நான் எழுதியதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை, ஆறுதான் வேறு. பின்னால் வந்த பஸ் ஹாரன் அடித்தது, டிரைவர் ஏதோ திட்டினார். எனக்குத் திருப்பித் திட்டக்கூட வரவில்லை. என்னைத் தெரிந்தவர்கள் நம்பமாட்டார்கள்.

வீட்டுக்குள் நுழைந்ததும் ஜகன்னாத், "வாங்கோ ஹெலன் மாமி, இன்னிக்கு எந்த ஊர்?" என்றார். அப்படியே வாசல்படியில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். பதறிப்போய் ஓடிவந்து எல்லாவற்றையும் கேட்டார். பிறகு, "அழாதேடி. பெருமாள் விட்டுடமாட்டார்" என்றார்.

"பெருமாள் எழுதலை, நான்தான் எழுதினேன்" என்று சீறினேன். "அஞ்சு நிமிஷத்துல வரேன்னு சொன்னதும் பெருமாள் இல்லை."

ராத்திரி அவர் கலந்து கொடுத்த மோர்சாதம் அப்படியே இருந்தது.

மறுநாள் வேலைக்குப் போனேன். வீட்டில் இருந்திருந்தால் பைத்தியம் பிடித்திருக்கும். மூன்று மணிக்குப் போன் அடித்தது. ஜூடித்தின் நம்பர். கேபினுக்குள்ளிருந்து டெல்பின் மேடம் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். அருள்ராஜ் என்னையே பார்த்தான். எடுத்துவிட்டேன்.

"ஹெலன்?" ஜூடித் அழுதுகொண்டிருந்தாள். "கண் விழித்துவிட்டார். பிழைத்துவிட்டார் ஹெலன்! உங்களோடு பேசவேண்டும் என்கிறார். முதலில் உங்களோடுதான் பேசவேண்டுமாம்."

திட்டப்போகிறார் என்று நினைத்தேன். வேண்டியதுதான், திட்டட்டும், காது குளிரக் கேட்டுக்கொள்வேன் என்று போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"ஹெலன்." கரகரவென்று, மிக மெதுவாக வந்தது பீட்டரின் குரல். "உங்களுக்கு நன்றி சொல்லத்தான் கூப்பிட்டேன்."

"எதற்கு?" என்றேன்.

"ஜூடித் என்னைத் தாண்டி ஓடினாள். பார்த்தேன். கூப்பிட முடியவில்லை, வாயில் தண்ணீர். அவள் போய்விட்டாளே, இனி அவ்வளவுதான் என்று கையை விட்டுவிடப் பார்த்தேன். ஆனால் அவள் கத்தியது என் காதில் விழுந்திருந்தது. ஹெலன் வருகிறாள், ஐந்து நிமிடம். அதனால் எண்ண ஆரம்பித்தேன். அறுபதுவரை, ஐந்து தடவை. நீங்கள் வரவில்லை. சரி, வழியில் கதவுகளைத் திறந்து மூடவேண்டும், நேரமாகத்தானே செய்யும் என்று மறுபடி முதலிலிருந்து எண்ணினேன். அப்படி எத்தனை தடவை எண்ணினேன் என்று தெரியவில்லை. கை மரத்துப்போய் வழுக்கும்போதெல்லாம், இந்த ஊரைத் தெரிந்தவள் வந்துகொண்டிருக்கிறாள், அவள் வரும்போது நான் இல்லாமல் போனால் அசிங்கம் என்று இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்." கொஞ்சம் இருமினார். "ஒன்றுதான் புரியவில்லை. நீங்கள் எந்தப் பக்கமாக வந்தீர்கள்? எனக்கு உங்களைப் பார்த்த நினைவே இல்லை. ஜூடித்தும் பார்க்கவில்லை என்கிறாள்."

என் வாழ்நாளில் யாரும் என்னை அப்படி அடித்ததில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"நான் வரவில்லை" என்றேன். "என் பெயர் ஹெலன் இல்லை. ஹம்ஸா. நான் இருப்பது ஸ்ரீரங்கம், இந்தியாவில், தமிழ்நாட்டில். உங்கள் ஆற்றை நான் பார்த்ததே இல்லை. தண்ணீர் இருக்காது என்று எழுதியது நான்தான். அது எங்கள் ஆறு. இங்கே பிப்ரவரியில் மணல்தான் இருக்கும். உங்கள் மனைவியைத் தப்பான பக்கம் ஓடவிட்டதும் நான்தான். ஐந்து நிமிடம் என்று சொன்னபோது நான் நாற்காலியை விட்டுக்கூட எழுந்திருக்கவில்லை. என்னை மன்னித்துவிடுங்கள்."

டெல்பின் மேடம் கேபின் கதவில் வந்து நின்றார். போனில் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. துண்டித்துவிட்டாரோ என்று பார்த்தேன், இல்லை.

"அப்படியென்றால்," என்றார் பீட்டர், ஒவ்வொரு வார்த்தையாக, "நான் எண்ணிக்கொண்டிருந்தேனே, அப்போது வழியில் யாருமே இல்லையா?"

"இல்லை" என்றேன்.

"என்ன சொல்கிறாள் ஹெலன்?" என்று பின்னால் ஜூடித் கேட்டாள்.